சல்லியில் கேட்ட ஒரு கேள்வி: அச்சமும் இல்லற இன்பமும்

திருகோணமலையிலிருந்து நிலாவெளி வீதியால் போனால் சாம்பல்தீவில் கடற்பக்கமாக ஒரு பாதை பிரியும். அந்தப் பக்கம்தான் சல்லி. முத்துமாரியம்மன் கோயிலும் கரைவலைத் தோணிகளும் உள்ள சிறிய ஊர். ஊரார் பெரும்பாலும் தமிழ் மீனவக் குடும்பங்கள். 2008இல் நான் அந்தப் பகுதியில் குடும்பநல மாதுவாக வேலை பார்த்தேன். தலையில் முக்காடும் தோளில் பையுமாக மணலில் கால் புதைய வரும் என்னை "மிஸி" என்று கூப்பிட்டு, முதலில் ஒரு கதிரையும் பிறகு ஒரு பிளேன்டீயும் தருவார்கள். சுனாமிக்குப் பிறகு கட்டிய இரண்டு அறை வீடுகள் அவை. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் கேட்கும்.

அப்படி ஒரு வீட்டில், கல்யாணம் முடித்து ஏழு மாதமான ஒரு பெண் இருந்தாள். பெயரும் அடையாளமும் இங்கே வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரை, போலிக் அமிலம், ருபெல்லா ஊசி என்று நான் வழக்கமான பாடத்தை ஒப்புவித்து முடித்தேன். மாமியார் மீன் வாங்கப் போனதும் அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"மிஸி, ஒண்டு கேக்கட்டே? அந்த நேரத்தில எனக்கு ஒண்டும் தெரியேல்ல. பயம் மட்டும்தான் தெரியுது. மற்றப் பொம்பிளையளுக்கும் இப்பிடியோ, இல்ல எனக்கு ஏதும் குறையோ?"

"போகப் போகச் சரியாகும் தங்கச்சி" என்றேன். சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் எனக்குள் ஒரு கூச்சம். ஏனென்றால் அது என்னுடைய பதில் அல்ல. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு என் உம்மா எனக்குச் சொன்னது. அந்தப் பன்னிரண்டு வருடத்தில், மூன்று பிள்ளை பெற்ற பிறகும், அவள் கேட்ட கேள்விக்கான பதில் எனக்கே தெரியாது.

இந்தக் கட்டுரையை எழுத எனக்கு வெட்கம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் ஒரு சமூகத்தில் எழுபது வயது மூதாட்டியும் பதினெட்டு வயது மணப்பெண்ணும் ஒரே விஷயத்தில் ஒரே அளவு அறியாமையோடு இருக்கிறார்கள் என்றால் யாராவது ஒருவர் வாய் திறக்கத்தான் வேண்டும். உம்மு சுலைம் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, உண்மையைச் சொல்ல அல்லாஹ் வெட்கப்படுவதில்லை என்று தொடங்கி, ஆணுக்குப் போல் பெண்ணுக்கும் தூக்கத்தில் ஸ்கலிதம் ஏற்பட்டால் குளிப்பு கடமையா என்று கேட்ட செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஆம், நீரைக் கண்டால் கடமை என்பது கிடைத்த பதில். பக்கத்தில் இருந்த உம்மு ஸலமா (ரலி) முகத்தை மூடிக்கொண்டு, பெண்ணுக்கும் அப்படி வருமா என்று வியந்து கேட்டார்கள் என்றும் அந்த அறிவிப்பில் வருகிறது. இல்லாவிட்டால் பிள்ளை தாயின் சாயலில் எப்படிப் பிறக்கும் என்று நபியவர்கள் திருப்பிக் கேட்டார்கள். ஆக அந்தச் சபையிலேயே இரண்டு விதமான பெண்கள் இருந்திருக்கிறார்கள். வெட்கத்தோடு கேட்டவரும் வெட்கத்தோடு முகம் மூடியவரும். இருவருக்கும் பதில் கிடைத்தது.

எனக்கு 1996இல் நிக்காஹ் நடந்தது. வயது இருபத்திரண்டு. எங்கள் பக்க வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேர்வார். சீதன வீடு பாதிதான் எழும்பியிருந்தது. எங்களுக்குத் தந்த அறைக்கும் உம்மா வாப்பா படுக்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டி. வாப்பாவுக்கு இழுப்பு நோய். அவர் இருமும் ஒவ்வொரு தரமும் நான் உறைந்துபோவேன். கதவுக்குக் கொண்டி இல்லை. முதல் சில வாரங்கள் ஒன்றும் நடக்கவில்லை. அவர் கிட்ட வந்தாலே என் தொடைகள் தாமாக இறுகிவிடும். மீறினால் சுவரில் மோதுவது போல் இருக்கும், வலி உயிர் போகும். நான் வேண்டுமென்று செய்வதாக அவர் நினைத்தார். அவருக்கு ஏதோ பிடிக்கவில்லை என்று நான் நினைத்தேன்.

ஒரு மாதம் கழிந்ததும் பெரியவர்களுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. யாரோ செய்வினை செய்திருக்கிறார்கள் என்று பேச்சு எழுந்தது. நூல் கட்டினார்கள், ஓதின தண்ணீர் குடிக்கத் தந்தார்கள். துஆவுக்கு நான் எதிரியல்ல, இன்றும் ஓதிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் இறுகிய தசைக்கு நூல் கட்டி என்ன ஆகும்? இதற்கிடையில் அவரும் பயந்துபோய்ப் பத்திரிகை விளம்பரம் பார்த்து எங்கேயோ போய் ஒரு போத்தல் லேகியமும் காற்சட்டைப் பைக்குள் மடித்த ஒரு பற்றுச்சீட்டுமாக வந்தார். அந்தக் காசில் ஒரு கதவுக் கொண்டி அல்ல, ஒரு கதவே வாங்கியிருக்கலாம்.

பல மாதங்களுக்குப் பிறகு ஏதோ ஒருவிதமாகக் காரியம் நடந்தது. அடுத்த வருடம் பிள்ளை கிடைத்தது. பிள்ளை கிடைத்ததும் ஊரின் கேள்வி முடிந்துவிட்டது, வீட்டின் கேள்வியும் முடிந்துவிட்டது. எனக்கு அதில் ஏதாவது இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. சல்லிப் பெண் கேட்கும்வரை.

அவளுடைய கேள்விதான் என்னைப் படிக்க வைத்தது. வேலை மூலம் கிடைத்த பயிற்சிகள், ஒரு வைத்திய அம்மா வாசிக்கத் தந்த நூல்கள், பள்ளிவாசல் நூலகத்தில் இருந்த இஹ்யாவின் தமிழாக்கம் என்று எல்லாவற்றையும் கலந்து வாசித்தேன். வாசிக்க வாசிக்க எனக்கு வந்தது ஆச்சரியம் அல்ல, கோபம்.

ஏன் கோபம் என்று சொல்கிறேன். குர்ஆன் மத்ரஸாவில் குளிப்பு கடமையாகும் காரணங்களைப் பாட்டு மாதிரி ஒப்புவித்தவர்கள் நாங்கள். அதில் ஒன்று மனி வெளிப்படுதல். அது ஆண்களைப் பற்றியது என்றே நான் எண்ணியிருந்தேன். ஷாஃபிஈ நூல்களோ பெண்ணின் மனியையும் பேசுகின்றன. அதை அறிவதற்கான அடையாளங்களில் ஒன்றாக, அது வெளிப்படும்போது இன்பம் உண்டாவதையும் அதன்பின் இச்சை தளர்ந்து அடங்குவதையும் இமாம் நவவி போன்றவர்கள் குறிப்பிடுகிறார்கள். இன்றைய வைத்திய நூல் உச்சகட்டம் என்று வர்ணிப்பதும் இதைத்தான்: இறுக்கம் ஏறி ஏறி ஒரு புள்ளியில் தானாக அவிழ்ந்து, பிறகு உடல் முழுதும் தளர்வது. பத்து வயதில் நான் மனப்பாடம் செய்த பாடத்துக்குள் என் சொந்த உடலைப் பற்றிய செய்தி இருந்திருக்கிறது. பாடத்தை ஒப்புவிக்கத் தந்தார்கள், பொருளைத் தரவில்லை.

இனி அந்த அச்சத்துக்கு வருகிறேன். அது எப்படி வேலை செய்கிறது என்று விளங்கினால் பாதிப் பாரம் குறையும்.

நமது உடலில் நாம் கட்டளையிடாமலே இயங்கும் நரம்புத் தொகுதி ஒன்று உண்டு. அதற்கு இரண்டு பக்கம். பாம்பைக் கண்டால் இதயம் படபடத்து, உள்ளங்கை வேர்த்து, ஓடத் தயாராவது ஒரு பக்கம். சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சாய்ந்ததும் மூச்சு சீராகி உடல் அவிழ்வது மறுபக்கம். இல்லற உறவின் தொடக்கத்துக்குத் தேவையானது இந்த இரண்டாவது பக்கம். ஆணின் விறைப்பும் பெண்ணின் ஈரமும் அந்தப் பகுதிக்கு இரத்தம் தடையின்றிப் போவதால் வருவன. அச்சம் வந்தால் உடல் இரத்தத்தைக் கை கால்களுக்கு அனுப்பிவிடும், ஓடுவதற்காக. அந்த நேரத்தில் விறைப்பு தளரும், ஈரம் வற்றும், இடுப்புக் குழியின் அடித்தசை இறுகும். ஆக, தட்டிக்குப் பின்னால் வாப்பா இருமும்போது நான் உறைந்தது குறை அல்ல. உடல் தன் வேலையைச் சரியாகச் செய்தது. பாம்பு எது, இருமல் எது என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கின்சி நிறுவனத்தில் ஜான் பான்கிராஃப்ட், எரிக் ஜான்ஸன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1990களில் இதை இன்னும் எளிதாக விளக்கினார்கள். பாலுணர்வில் தூண்டும் பொறி ஒன்றும் தடுக்கும் பொறி ஒன்றும் தனித்தனியே இயங்குகின்றன என்பது அவர்கள் கருத்து. த்ரீவீலரை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி நகரவில்லை என்றால் நாம் எல்லோரும் ஆக்சிலேட்டரைத்தான் முறுக்குகிறோம். லேகியம், மாத்திரை, புதுச் சேலை, அத்தர். காலோ பிரேக்கை அமுக்கிக்கொண்டிருக்கிறது. பிரேக் என்றால் என்ன? சத்தம் கேட்குமோ என்ற பயம், கர்ப்பம் தரிக்குமோ தரிக்காதோ என்ற பயம், பகலில் நடந்த சண்டை, உடல் அழகில்லை என்ற எண்ணம், சுபஹுக்கு முன் குளிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்ற கவலை. கடைசியாகச் சொன்னதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். கிணற்றடிக்கு விடியற்காலையில் போனால் மாமிக்கும் மதினிக்கும் விஷயம் தெரிந்துவிடும் என்பதற்காகவே இரவு முழுதும் கல்லாகக் கிடந்த பெண்களை எனக்குத் தெரியும்.

இன்னொரு பிரேக் நுட்பமானது. அமெரிக்காவில் மாஸ்டர்ஸ், ஜான்ஸன் என்ற இருவர் 1970இல் வெளியிட்ட நூலில் அதை விவரித்தார்கள். உறவில் இருக்கும்போதே ஒருவர் தனக்கு வெளியே நின்று தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பது: சரியாகச் செய்கிறேனா, அவருக்குப் பிடிக்கிறதா, இன்னும் வரவில்லையே, ஏன் வரவில்லை. மேடையில் நடிப்பவரே சபையிலும் உட்கார்ந்திருந்தால் நடிப்பு எப்படி வரும்? தொழுகையில் எத்தனையாவது ரக்அத் என்று எண்ணிக்கொண்டே நின்றால் மனம் ஒன்றாது என்பது நமக்குத் தெரியும். இங்கேயும் அதே கதை. இன்பம் தேடிப் பிடிக்கும் பொருள் அல்ல. கவனத்தை உடலின் உணர்ச்சியில் வைத்தால் அதுவாக வந்து சேரும்.

ஆண்களின் அச்சத்தையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அவர் கொண்டுவந்த லேகியத்துக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருப்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. விந்து போனால் உயிர்ச்சத்தே போய்விடும், அதனால்தான் களைப்பும் தளர்ச்சியும் என்று நம்பி வருந்தும் நிலைக்கு இந்திய மனநல மருத்துவர் என். என். விக் 1960இல் தாது நோய் என்ற பொருளில் பெயர் சூட்டினார். இலங்கை ஆண்களிடமும் இதே நிலை இருப்பதைப் பத்மல் டி சில்வாவும் திஸாநாயக்கவும் 1989இல் ஒரு ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். விந்து தினமும் உற்பத்தியாகிக்கொண்டே இருப்பது. போனால் குறையும் சேமிப்பு அல்ல. தூக்கத்தில் வெளியேறுவது வாலிபத்தின் இயல்பு, அதற்கு மார்க்கம் விதித்தது ஒரு குளிப்பு மட்டும்தான், லேகியம் அல்ல. இது தெரியாமல் எத்தனை வாலிபர்கள் கல்யாணத்தின் முதல் நாளே தோற்றுப்போனவர்களாக அறைக்குள் நுழைகிறார்கள்! ஒரு நாள் தடுமாறினால் அடுத்த நாள் அந்தத் தடுமாற்றத்தின் பயமே மறுபடியும் தடுமாற வைக்கும்.

பெண்ணின் உடலுக்கு வருவோம். தமிழில் எங்களுக்குச் சொல்லே இல்லை. "கீழ்ப்பக்கம்", "மறைவிடம்", "அங்க" என்றுதான் கிளினிக்கில் சொல்வார்கள். எது வலிக்கிறது என்று கேட்டால் கையைப் பொதுவாக வயிற்றுக்குக் கீழே அசைப்பார்கள். பெண்ணின் இன்பத்துக்கென்றே படைக்கப்பட்ட உறுப்பு ஒன்று உண்டு, கிளிட்டோரிஸ் என்று வைத்தியத்தில் சொல்வார்கள். வெளியே தெரிவது ஒரு சிறிய மொட்டளவு. ஆனால் அது நுனி மட்டும்தான். உள்ளே அது இரண்டு கைகளாகப் பிரிந்து யோனியின் இருபக்கமும் அணைத்தபடி பல சென்றிமீற்றர் நீளத்துக்குப் போகிறது. அவுஸ்திரேலிய சத்திரசிகிச்சை நிபுணர் ஹெலன் ஓகொனல் 1998இல் இதை விரிவாக வெளியிட்ட பிறகுதான் பாடநூல்களே திருத்தப்படத் தொடங்கின. மனிதன் சந்திரனில் இறங்கி இருபத்தொன்பது வருடம் கழித்து!

இதிலிருந்து ஒரு நடைமுறை உண்மை வருகிறது. பெரும்பாலான பெண்களுக்கு உட்புணர்ச்சியால் மட்டும் உச்சம் வருவதில்லை. அந்த மொட்டைச் சுற்றிய தொடுகை வேண்டும், நேரமும் வேண்டும். அப்படி இருக்க, "எனக்கு ஒண்டும் தெரியேல்ல" என்று சொல்பவளிடம் குறை எங்கே இருக்கிறது? இமாம் கஸ்ஸாலி (1058–1111) இஹ்யாவின் திருமண ஒழுங்குகள் பகுதியில், கணவன் தன் தேவை முடிந்ததும் விலகிவிடாமல் மனைவியின் தேவையும் நிறைவேறும்வரை தாமதிக்க வேண்டும், அவளுடையது பிந்தி வரக்கூடியது, அதற்குள் விலகுவது அவளுக்கு வேதனை என்ற கருத்தை எழுதியிருக்கிறார். தொள்ளாயிரம் வருடத்துக்கு முந்திய எழுத்து இது. ரிஃபாஆவின் முன்னாள் மனைவி தொடர்பான ஹதீஸில், உறவின் சுவைக்குத் தேன் என்ற சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சேர்த்தே பயன்படுத்தப்படுகிறது. அவர் அவளுடையதைச் சுவைப்பது போல் அவள் அவருடையதைச் சுவைப்பதும் அங்கே பேசப்படுகிறது.

இந்த இடத்தில் கத்னாவைப் பற்றிப் பேசாமல் தாண்டினால் நான் என் தொழிலுக்குத் துரோகம் செய்தவளாவேன். நம் சமூகத்தில் பெண் குழந்தைக்கு நாற்பது நாள் அளவில் ஒஸ்தா மாமியை அழைத்துச் செய்யும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. எங்கே வெட்டுகிறார்கள், எவ்வளவு வெட்டுகிறார்கள் என்று பெற்ற தாய்க்கே தெரியாது. மேலே சொன்ன உறுப்பின் இடம்தான் அது. இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் உம்மு அதிய்யாவின் அறிவிப்பை, பதிவு செய்த அபூதாவூத் அவர்களே பலவீனமானது என்று குறித்திருக்கிறார்கள். அந்த அறிவிப்பில்கூட ஆழமாக வெட்டாதே, அதுவே பெண்ணுக்கு நல்லது என்ற எச்சரிக்கைதான் இருக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபில் இதை வாஜிப் என்போர் உண்டு, அவர்களோடு வாதாட எனக்கு இல்ம் போதாது. ஆனால் 2018இல் சுகாதார அமைச்சு, வைத்தியத் துறையினர் யாரும் இதைச் செய்யக்கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. என் பேத்திக்கு இதைச் செய்ய நான் விடவில்லை. சிறு வயதில் செய்யப்பட்டவர்களுக்கு ஒரு ஆறுதலும் சொல்ல வேண்டும்: உறுப்பின் பெரும்பகுதி உள்ளேதான் இருக்கிறது. உணர்ச்சி அடியோடு போய்விட்டது என்று தானாக முடிவுகட்டிக்கொள்ள வேண்டாம்.

ஆசையைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. முதலில் ஆசை, பிறகு தொடுகை, பிறகு இன்பம் என்றுதான் எல்லோரும் வரிசை போடுகிறார்கள். கனடாவைச் சேர்ந்த மருத்துவர் ரோஸ்மேரி பாஸன் 2000ஆம் ஆண்டில் வேறொரு வரிசையை முன்வைத்தார். பல பெண்களுக்கு, குறிப்பாகக் கல்யாணமாகிச் சில வருடங்கள் போனபின், ஆசை முதலில் வருவதில்லை. நெருக்கத்துக்கு மனம் இசைகிறது, அன்பான தொடுகை கிடைக்கிறது, உடல் இளகுகிறது, அதன்பிறகுதான் ஆசை எழுகிறது. "எனக்கு ஆசையே வருதில்ல" என்று தங்களைப் பழிக்கும் எத்தனையோ பெண்களுக்கு இந்த ஒரு விளக்கம் போதுமாக இருந்திருக்கிறது. ஆனால் இதை எடுத்துக்கொண்டு, விருப்பமில்லாதவளை வற்புறுத்தினால் ஆசை தானாக வரும் என்று யாரும் பொருள் கொள்ளக்கூடாது. வற்புறுத்தல்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய பிரேக்.

நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். ஒரு ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு அவரிடம் சொன்னேன்: "மச்சான், ஒரு விஷயம் கதைக்கணும். கோவிக்கப்படாது." சல்லியில் கேட்ட கேள்வியைச் சொன்னேன். அது என் கேள்வியும்தான் என்று சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இத்தின வருசமா ஏன் புள்ள செல்லல்ல?" என்றார். "நீங்க கேக்கல்லயே" என்றேன். "எனக்குக் கேக்கப் பயம்" என்றார். பன்னிரண்டு வருடம் ஒரே பாயில் படுத்த இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பயந்தே கிடந்திருக்கிறோம்.

முதல் வேலையாக அவர் கதவுக்கு ஒரு கொண்டி போட்டார். இரண்டாவது, மாஸ்டர்ஸ், ஜான்ஸன் நூலில் சொன்ன பயிற்சி. விஷயம் எளிது, செய்வது கடினம். சில வாரங்களுக்கு உறவே கிடையாது என்று இருவரும் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். அந்த நாட்களில் மாறி மாறி ஒருவர் மற்றவரின் கை, முதுகு, தலைமுடி, பாதம் என்று தொடுவது மட்டும். மறைவிடங்களும் மார்பும் விலக்கு. தொடுபவர் மற்றவரை மகிழ்விக்க முயலக்கூடாது, தொடும் தோலின் சூடு, மென்மை, சொரசொரப்பு இவற்றில் கவனம் வைக்க வேண்டும். தொடப்படுபவர் பிடிக்காததை மட்டும் சொன்னால் போதும். உறவு நடக்கப்போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்ததால் உடலுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. பிறகு வாரக்கணக்கில், அவசரமில்லாமல், விலக்கிய இடங்களையும் சேர்த்துக்கொள்வது. அவருடைய கையை என் கையால் பிடித்து இங்கே, இப்படி, இவ்வளவு மெதுவாக என்று நான் காட்டியது எங்கள் கல்யாணத்தின் பதின்மூன்றாவது வருடத்தில். அதற்கு முன் எனக்கே அந்த இடம் எதுவென்று தெரியாது.

இங்கே மார்க்கம் சார்ந்த ஒரு கேள்வி எழும். தன் உடலைத் தானே அறிவது என்றால் சுயஇன்பமா? நமது மத்ஹபில் அது தடுக்கப்பட்டது என்பதே பெரும்பான்மைக் கருத்து. ஆனால் துணையின் கையால் அடையும் இன்பத்தை அந்த அறிஞர்களே அனுமதித்திருக்கிறார்கள். ஆகவே அறிதலுக்கான வழி அடைபட்டிருக்கவில்லை, அது இரண்டு பேர் சேர்ந்து நடக்கும் வழியாக இருக்கிறது. கண்ணாடி வைத்துத் தன் உறுப்பைப் பார்த்துக்கொள்வதும், வலிக்குச் சிகிச்சையாகத் தன் விரலைப் பயன்படுத்துவதும் வேறு விஷயம். மூலவியாதிக்கு மருந்து பூசுவதை யாரும் இன்பம் தேடுவது என்று சொல்வதில்லையே.

வலியைத் தனியாகச் சொல்ல வேண்டும். என் தொடைகள் இறுகியதற்கு வஜைனிஸ்மஸ் என்று பெயர். யோனியைச் சுற்றியுள்ள தசை, வலிக்கப்போகிறது என்ற எதிர்பார்ப்பிலேயே தானாக மூடிக்கொள்வது. கண்ணில் தூசி விழப்போகும்போது இமை மூடுவது மாதிரி. வற்புறுத்தினால் வலிக்கும், வலித்தால் அடுத்த தடவை இன்னும் இறுகும். இதற்குச் சிகிச்சை உண்டு, பலன் தரக்கூடிய சிகிச்சை. சிறுநீரை அடக்குவது போல் அந்தத் தசையை இறுக்கி, பிறகு நீண்ட மூச்சோடு முழுதாக விட்டுவிடப் பழகுவது. விடுவதுதான் முக்கியம், இறுக்குவது அல்ல. பின்பு எண்ணெய்த்தன்மையுள்ள களிம்பு தடவிச் சிறு விரல் நுனியிலிருந்து படிப்படியாக உடலைப் பழக்குவது, இதற்கென்றே பல அளவுகளில் உள்ள கருவிகளைப் பயிற்சி பெற்றவரின் வழிகாட்டலில் பயன்படுத்துவது. கிருமித்தொற்றோ, புண்ணோ, என்டோமெட்ரியோசிஸ் போன்ற நோயோ வலிக்குக் காரணமாக இருக்கலாம் என்பதால் முதலில் வைத்தியரிடம் காட்ட வேண்டும். பாலூட்டும் காலத்திலும் மாதவிடாய் நின்ற பிறகும் ஹோர்மோன் குறைவால் வறட்சி வரும், அது அன்பின் குறைவு அல்ல. மனஅழுத்தத்துக்குத் தரும் சில மாத்திரைகள் உச்சத்தைப் பிந்த வைக்கும். ஆண்களில் நீரிழிவும் பிரஷரும் விறைப்பைப் பாதிக்கும். ஐம்பது வயதில் திடீரென்று விறைப்பு குறைந்தால் லேகியக் கடைக்கு அல்ல, இதயத்தையும் சீனியையும் பரிசோதிக்கப் போக வேண்டும். மாத்திரையைத் தானாக நிறுத்தக்கூடாது, தந்த வைத்தியரிடம் சொல்லிக் கேட்க வேண்டும்.

பெண்ணின் இந்த உரிமையைப் பிக்ஹ் வெறும் உபதேசமாக விட்டுவைக்கவில்லை. மனைவியோடு சேர மாட்டேன் என்று சத்தியம் செய்தவனுக்கு அல்பகரா 226ஆம் வசனம் நான்கு மாத எல்லை விதிக்கிறது. உறவுக்கு இயலாத கணவன் விஷயத்தில், நான்கு பருவங்களும் கடந்து பார்க்கட்டும் என்று ஒரு வருடத் தவணை கொடுத்து, அதன்பின் மனைவி பிரியலாம் என்று நமது மத்ஹப் நூல்கள் சொல்கின்றன. இலங்கையின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்திலும் மனைவி கோரும் பஸஹ் இருக்கிறது. ஆனால் ஆண்கள் நிறைந்த காதி மன்றத்தில் எழுந்து நின்று இதைச் சொல்ல எத்தனை பெண்ணுக்கு நா எழும்? "சண்டை", "செலவுக்குத் தாறல்ல" என்று வேறு காரணம் சொல்லிப் பிரிந்துபோனவர்கள் உண்டு. சில நேரம் பிரிய வேண்டிய தேவையே இருந்திருக்காது, இரண்டு மாதச் சிகிச்சை போதுமாக இருந்திருக்கும்.

இன்று கதைப்பதற்கு இடங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பகுதிக்கும் குடும்பநல மாது இருக்கிறார், புதுமணத் தம்பதியரைச் சந்திப்பது அவருடைய கடமைகளில் ஒன்று. 1996இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக் பல ஊர்களில் இயங்குகிறது. பெரிய ஆஸ்பத்திரிகளில் பெண்நோயியல் நிபுணரும் மனநல வைத்தியரும் இருக்கிறார்கள். 1953இலிருந்து இயங்கும் இலங்கைக் குடும்பத் திட்டச் சங்கமும் ஆலோசனை தருகிறது. போனவுடன் எல்லோரும் அன்பாகப் பேசுவார்கள் என்று உத்தரவாதம் தர மாட்டேன். எனக்கே ஒரு இடத்தில் "மூணு புள்ள பெத்துப்போட்டு இப்ப என்னத்துக்கு இது?" என்ற பதில் கிடைத்தது. அடுத்த இடத்துக்குப் போனேன்.

சல்லிப் பெண்ணிடம் திரும்பிப் போக எனக்கு ஆறு மாதம் பிடித்தது. வழக்கமான வருகை போலப் போய், மாமியார் கடற்கரைக்குப் போகும்வரை காத்திருந்து, "அண்டைக்கு நான் சொன்ன பதில் பிழை தங்கச்சி" என்று தொடங்கினேன். ஒரு கொப்பித் தாளில் படம் வரைந்து காட்டினேன். அவள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு, விரல் இடுக்கால் படத்தைப் பார்த்தாள். புருஷனிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் அவளுடைய அடுத்த கேள்வி. என் வீட்டுக்காரரிடம் நான் சொன்ன அதே வசனத்தைச் சொல்லிக்கொடுத்தேன்.

கோயில் திருவிழாச் சனத்தில் அதன்பிறகு ஒருநாள் அவளைக் கண்டேன். இடுப்பில் பிள்ளை. கூட்டத்தில் எதுவும் பேச முடியாது. கிட்ட வந்து, "மிஸி, கதவுக்குக் கொண்டி போட்டாச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.